கருணை மதிப்பெண்

எனக்குப் பொறுமை கிடையாது. பொறுமை மட்டுமே தேவைப்படும் வேலையில் எப்படி வந்து மாட்டினாய் என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் கேட்பார். இரண்டாயிரத்து எட்டு வாக்கில், சிதம்பரத்தில் ஒரு வாடகை மாடியில், முதுகலை முடித்துவிட்டு ஆராய்ச்சிக்கு வந்திருந்த நான்கு பிள்ளைகளுக்கு நான் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். முதுமையில் வரும் மறதி நோயைப் பற்றிய ஆய்வு அது. கடலூரிலும் சுற்றுவட்டாரத்திலும் வீடு வீடாகப் போக வேண்டும். வயதானவர்கள் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்டு, ஒவ்வொரு விடைக்கும் மதிப்பெண் போட வேண்டும். மதிப்பெண் குறைந்தவர்களை மட்டும் அடுத்த கட்டத்தில் மருத்துவர் பார்ப்பார்.

கேட்கும்போது விளையாட்டு மாதிரி இருக்கும். இன்று என்ன கிழமை, இது என்ன மாதம், இருபது ரூபாயில் மூன்று ரூபாய் போனால் மீதி எவ்வளவு. கிளி, செருப்பு, குடம் என்று மூன்று பெயர்களைச் சொல்லிவிட்டு, வேறு ஏதாவது பேசிவிட்டு, அந்த மூன்றையும் திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும். கஷ்டம் கேள்வியில் இல்லை. கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்தான் இருந்தது. நம் பக்கத்தில் ஒரு பெரியவர் வார்த்தை கிடைக்காமல் தடுமாறும்போது எதிரே கல் மாதிரி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தால் அதற்குப் பெயர் திமிர். எடுத்துக் கொடுப்பதுதான் மரியாதை. அந்த மரியாதையைப் பிள்ளைகளிடமிருந்து பிடுங்குவதற்கே எனக்கு முதல் இரண்டு மாதம் போயிற்று.

இன்னொரு தொல்லை, மதிப்பெண். கேள்வி கேட்டு எழுதிக்கொள்கிறார்கள் என்றாலே நம் ஜனங்களுக்கு அது பரீட்சைதான். முடித்துவிட்டு எழுந்தால் மகனோ மருமகளோ வாசல்வரை பின்னால் வந்து, "எத்தன மார்க்கு? பாஸா, ஃபெயிலா?" என்று கேட்காமல் விடமாட்டார்கள். சொல்லவே கூடாது என்பது என் கண்டிப்பான உத்தரவு. "டாக்டர் சொல்லுவார்" என்று சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு நடையைக் கட்ட வேண்டும்.

நால்வரில் ஒருத்திதான் இந்தக் கதைக்கு வேண்டியவள். கடலூர்ப் பெண். அவள் அப்பா துறைமுகத்துப் பக்கம் ஒரு ஐஸ் ஃபேக்டரியில் மெக்கானிக். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். பிளஸ் டூ படிக்கும்போதே சர்ச்சுக்குப் பின்னால் இருந்த தெருவில் சின்னப் பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுத்தவள். பேச்சில் அப்படி ஒரு குழைவு. கம்மாபுரத்தில் ஒரு பாட்டியம்மாள் மற்ற பிள்ளைகளை வாசலிலேயே நிறுத்தி, "அந்த டீச்சர் பொண்ண அனுப்பு, அதுக்குன்னா பதில் சொல்றேன்" என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். எனக்கு அவளைப் பிடிக்கும். அதனாலேயே மற்றவர்களைவிட அவளிடம் இரண்டு பங்கு எரிந்து விழுவேன்.

அவளுக்கு இந்த வேலை வெறும் வேலை இல்லை. வீட்டில் மாப்பிள்ளை தயாராக இருந்தார். ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் உறுதியானால் மூன்று வருஷம் கல்யாணப் பேச்சை எடுப்பதில்லை என்று அவள் அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். இடம் கிடைக்காவிட்டால் அடுத்த மாதமே சர்ச்சில் கல்யாண அறிவிப்பு ஓலையை வாசித்துவிடுவார்கள். மூன்று ஞாயிறு பூசையில் பெயரை வாசித்துவிட்டால் கதை முடிந்தது. அந்த இடமோ இந்த ஆய்வோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஆய்வில் நிலைத்தால் இடம் உண்டு, இல்லாவிட்டால் கிடையாது.

கோளாறு ஸ்ரீமுஷ்ணத்தில்தான் கண்ணில் பட்டது. ஆரம்பத்தில் தனித்தனியாகப் போனோம், பிறகு இரண்டிரண்டு பேராகப் போவது எங்கள் வழக்கமாயிற்று. ஒருவர் கேட்பார், இன்னொருவர் மூலையில் உட்கார்ந்து தனியாக மதிப்பெண் போடுவார். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். அன்றைக்கு மூலையில் நான். அவள் ஒரு முதியவரிடம் மாதம் என்ன என்று கேட்டாள். அவர் மேலே பார்த்தார். அவளோ, "ஆடியா, ஆவணியாங்க ஐயா?" என்றாள். மூன்று பெயர்களில் ஒன்று அவருக்கு வரவில்லை. அவள் உதடு குவிந்து, சத்தமே இல்லாமல் "கு" என்று நின்றது. "குடம்!" என்றார் அவர். முதல் வகுப்பில் தேறிய பையனைப் பார்ப்பதுபோல அவள் முகம் மலர்ந்தது.

வெளியே வந்ததும் கத்தினேன். "பரீட்சை ஹால்ல பிட்டு கொடுக்கிறவளா நீ?"

"நான் எதுவும் சொல்லலையே மேடம்," என்றாள். பொய் சொல்லவில்லை. ட்யூஷன் பழக்கம். முதல் எழுத்தை வாயில் வைத்துக்கொண்டு காத்திருப்பது அவளுக்கே தெரியாமல் நடந்துகொண்டிருந்தது.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் மாடியில் நான் மறதிக்காரியாக நடிப்பேன், அவள் கேட்பாள். உள்ளங்கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். உதட்டைக் கடித்துக்கொள்ளச் சொன்னேன். நான் வேண்டுமென்றே திணறுவேன், கண்ணில் தண்ணீர்கூட வரவழைப்பேன். அவள் உடம்பெல்லாம் நெளியும். "மேடம், ஒரு பெரியவங்கள ஃபெயிலாக்கிட்டு அவங்க வீட்லயே எப்படி காபி குடிக்கிறது?" என்று ஒருநாள் கேட்டாள். காபியைக் குடிக்காதே என்றேன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

மெல்ல மெல்லத் திருந்தினாள். அந்தச் சமயம் பார்த்துப் பெங்களூரிலிருந்து டாக்டர் வந்து இறங்கினார். ஆய்வின் தரத்தைச் சோதிப்பது அவர் வேலை. சேலத்துக்காரர், நல்ல தமிழ் பேசுவார், சிரிக்கமாட்டார். இரண்டு நாள் எங்கள் தாள்களை எல்லாம் புரட்டினார். மூன்றாம் நாள் காலை என்னைக் கூப்பிட்டு, "இந்தப் பொண்ணு போன தெருவுல மட்டும் யாருக்கும் மறதியே வராதா?" என்றார்.

பயிற்சி கொடுத்திருக்கிறேன், இப்போது சரியாகச் செய்கிறாள் என்றேன். "அப்ப பாத்துடலாம். அவ ஏற்கெனவே போன வீடு ஒண்ணுக்கு மறுபடி போவோம். அவ கேக்கட்டும், நாம ரெண்டு பேரும் தனித்தனியா மார்க் போடுவோம். மூணும் ஒத்துவந்தா இருக்கட்டும். இல்லன்னா இவ வேண்டாம்னு நான் எழுதிக் கொடுத்துட்டுப் போயிடுவேன்," என்றார். வீட்டையும் அவரே தேர்ந்தெடுத்தார். திருப்பாதிரிப்புலியூரில், கோயிலுக்குப் பக்கத்துத் தெரு. ஸ்டேஷனில் டிக்கெட் கொடுத்து ஓய்வு பெற்ற ஒருவர். நாலைந்து மாதங்களுக்கு முன்னால், என் சாயங்கால நாடகங்கள் தொடங்கும் முன், அவள் தனியாகப் போய் வந்த வீடு. மதிப்பெண் கிட்டத்தட்ட முழுசாக இருந்தது.

கார் ஆலப்பாக்கம் தாண்டும்போது அவள் ஜெபமாலையை எடுத்தாள். அதை உள்ளே வை என்று கண்ணால் அதட்டினேன். டாக்டர் பார்த்தால் பயந்திருக்கிறாள் என்று நினைப்பார். அவளைவிட நான்தான் பயந்துபோயிருந்தேன்.

வீட்டில் மருமகள் மட்டும் இருந்தார். நாற்பதை ஒட்டிய வயது, புடவையை இடுப்பில் செருகியபடியே வந்தார். இவளைப் பார்த்ததும், "அட, நீதானா பாப்பா!" என்று முகம் மலர்ந்தது. "மாமா பின்னாடி ரூம்ல இருக்காரு, இருங்க," என்று உள்ளே போனார். தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. பெரியவரைக் கையைப் பிடித்து அழைத்து வந்து நாற்காலியில் உட்காரவைத்தார். நல்ல உயரம். சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. வழக்கப்படி மருமகளைச் சமையலறைக்கு அனுப்பினோம்.

அவர் எதிரே இருந்தவளைப் பார்த்து, "எங்கம்மா போவணும்?" என்றார்.

"உங்களோட கொஞ்ச நேரம் பேசலாம்னு வந்தோம் சார்," என்றாள். கைகள் தொடைக்கு அடியில் போய்விட்டன.

கிழமை கேட்டாள். அவர் சுவரைப் பார்த்தார். நாள்காட்டியை முன்பே கழற்றி வைத்திருந்தோம். மாதம் கேட்டாள். "நல்ல மாசந்தான்," என்றார். இருபது ரூபாயில் மூன்று போனால் எவ்வளவு என்று கேட்டாள். ஆயுசு முழுக்கச் சில்லறை எண்ணிக் கொடுத்த கை, மேஜையே இல்லாத இடத்தில் எதையோ துழாவியது. அப்புறம் நின்றுவிட்டது. வெளியே ஒரு பஸ் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. நான் என் தாளைப் பார்க்கவில்லை, அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டரும் அதைத்தான் பார்த்தார்.

மூன்று பெயர்களில் அவருக்கு ஒன்றும் வரவில்லை. அவர் அவள் வாயைப் பார்த்தார். போன தடவை விடை அங்கிருந்துதான் வந்தது என்பது அவர் நினைவில் தங்கியிருக்க வழியே இல்லை. ஆனாலும் கை ஏந்துவதுபோல் அந்த வாயையே பார்த்தார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கழுத்து நரம்பு புடைத்தது. குறித்த நேரம் முடியும்வரை நாங்கள் நால்வரும் அப்படியே இருந்தோம். கடைசியில் அவர் முகம் சிவந்து, "கவுன்ட்டர் மூடியாச்சு. அடுத்த வண்டிக்கு வாங்க," என்று திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

நடையில் நின்று மூன்று தாள்களையும் வைத்துப் பார்த்தோம். அச்சு அசலாக ஒத்திருந்தன. டாக்டர் அவள் தோளைத் தட்டினார். "ஒரு அசைவுகூட இல்ல. நல்லா செஞ்ச," என்றார். பிறகு பழைய தாளைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். "ஆனா அதுக்குள்ள இவ்ளோ இறக்கமா? சில பேருக்கு இப்படி மளமளன்னு இறங்கும். இவர சீக்கிரம் கவனிக்கணும்." கைபேசி அடிக்கவே, பேசிக்கொண்டே தெருமுனையில் நின்றிருந்த காரை நோக்கி நடந்தார்.

அவள் கேட்ட விதத்தைப் பார்த்ததும் பழைய தாளின்மேல் இருந்த சந்தேகம் விட்டுப்போய், நோயே வேகமாக முற்றிவிட்டது என்று அவராகவே முடிவுக்கு வந்துவிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. கேட்டுவிட்டு வாயை மூடு என்று ஊருக்கெல்லாம் பாடம் சொல்கிறவள், இந்த ஒரு தடவை கேட்காமலே மூடிக்கொண்டேன். பெண் தப்பித்தாள், இடம் உறுதி, வாசிக்கவிருந்த ஓலை மூன்று வருஷத்துக்கு இல்லை. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

மருமகள் காபியோடு வந்தார். பெரியவரை மறுபடி உள்ளே விட்டுத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்திருந்தார். "இந்த தடவயும் பாஸ்தானுங்களே மேடம்?" என்றார். "போன தடவ இந்தப் பாப்பா சொல்லிட்டுப் போச்சு, சார் பாஸுக்கா, நல்ல மார்க்கு, ஒண்ணும் கவலப்படாதீங்கன்னு. அன்னியிலிருந்துதான் எங்களுக்கு வெளிச்சமே வந்துச்சு. எல்லாம் நடிப்பு."

"என்ன நடிப்பு?" என்றேன்.

"சாப்ட்ட கை காஞ்சிருக்காது, மருமவ சோறு போடலன்னு தெருவுல போயி சொல்லுவாரு. டூட்டிக்கு நேரமாச்சுன்னு ஸ்டேஷனுக்குப் போயிடுவாரு. பெரிய லைன் போடுறோம்னு தண்டவாளத்தையே பேத்துப் போட்டுருக்காங்க, எந்த ரயிலுக்குப் போயி டிக்கெட்டு குடுக்கப் போறாரு? முன்னல்லாம் ஐயோ பாவம்னு பின்னாலயே ஓடுவேன். மூள நல்லாத்தான் இருக்குதுன்னு ஆனப்புறம் எதுக்கு ஓடணும்? தாப்பா போட்டுட்டோம்." குரலைத் தாழ்த்தினார். "பாயிலயே போயிடுறாரு மேடம். வேணும்னே பண்றாரு. போன வாரம் அவரு கையாலயே அந்தத் துணிய அலச வச்சேன். அழுதாரு. அழுதா உட்டுடுவனா? தெரிஞ்சேதான பண்றாரு?"

அந்த அம்மாளைக் கொடுமைக்காரி என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஓய்ந்துபோன ஒரு பெண், வீட்டுக்கு வந்த படித்தவர்களிடம் தன் பாட்டைச் சொல்லிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். நாங்கள் கொடுத்த விடையை நம்பித்தான் அவர் தாழ்ப்பாளே போட்டிருந்தார்.

என் பக்கத்தில் நின்றவளின் காபி டம்ளர் சாய்ந்து கையில் வழிந்தது. அவள் உதறவில்லை. நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். "வா, போகலாம். நான் பேசிக்கிறேன். நாளைக்கு டாக்டரை விட்டே சொல்ல வைக்கிறேன்," என்று காதோரம் சொன்னேன். அப்படியே செய்திருக்கவும் முடியும். வியாதி முற்றிவிட்டது, அவர் நடிக்கவில்லை என்று டாக்டர் சொல்லியிருப்பார், பெரியவருக்கும் நல்லது நடந்திருக்கும், இவள் பெயரும் கெட்டிருக்காது. கையைப் பிடித்ததற்காக நான் வருத்தப்படவில்லை. என் வயிற்றில் பிறந்த பெண்ணாக இருந்தாலும் பிடித்திருப்பேன்.

அவள் கையை உருவிக்கொண்டாள்.

"அக்கா, அவரு நடிக்கலக்கா. அன்னிக்கே அவருக்கு எதுவும் தெரியல. நான்தான் ஒவ்வொண்ணா எடுத்துக் குடுத்தேன். உங்க முன்னாடி அவரு அசிங்கப்படக் கூடாதுன்னு... அந்த மார்க்கு அவரு மார்க்கு இல்லக்கா, என்னுது."

மருமகள் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எங்களில் யாராவது சிரித்து, விளையாட்டுக்குச் சொன்னோம் என்று சொல்வோமா என்று காத்திருந்ததுபோல் இருந்தது. பிறகு தன் இரண்டு கைகளையும் பார்த்தார். "அழுதாரே," என்றார். சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கண்ணாடிக் கூட்டை மறந்துவிட்டுப் போன டாக்டர், அதை எடுக்க வந்து வாசற்படியிலேயே நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. "இது ஒரு வீட்ல மட்டுமா?" என்று கேட்டார்.

"இல்ல டாக்டர். ஆரம்பத்துல போன வீட்ல எல்லாம்," என்றாள் அவள்.

சிதம்பரம் வந்து மாடிப்படியில் ஏறும்போது என்னால் அடக்க முடியவில்லை. அவளை அனுப்பினால் நானும் போகிறேன் என்று டாக்டரிடம் சத்தம் போட்டேன். இவ்வளவு நேர்மையான பிள்ளையை விட்டுவிட்டு யாரை வைத்து ஆராய்ச்சி செய்யப் போகிறீர்கள், அடிமுட்டாள்களை வைத்தா என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன், எழுத முடியாது. அவர் முழுதும் கேட்டுக்கொண்டார்.

"அனுப்பிட்டா அவளுக்கு சுலபம்," என்றார். "அவ போன வீட்டுக்கெல்லாம் வேற ஆள் போய் மறுபடி கேக்கட்டும். ஆனா முன்னாடி சொன்னது தப்புன்னு ஒவ்வொரு வீட்லயும் அவளே போய் சொல்லணும். சொல்லி முடிச்சா இருக்கட்டும்."

அதைக் கேட்டதும் அனுப்பியே விட்டிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. அவள் தலையை மட்டும் ஆட்டினாள். மறுநாள் காலை வழக்கமான நேரத்துக்கு வந்தாள்.

அவள் முதலில் போக விரும்பியது அதே வீட்டுக்குத்தான். அங்கேதான் சொல்லியாயிற்றே என்றேன். "அக்காகிட்டதான் சொன்னேன் மேடம். சார்கிட்ட சொல்லல," என்றாள். நானும் கூடப் போனேன்.

பெரியவர் முன்னறையில், ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார். பின்னறைக் கதவிலிருந்து தாழ்ப்பாளையே கழற்றிவிட்டிருந்தார்கள். அவள் அவர் காலடியில் தரையில் உட்கார்ந்தாள். தான் யார், எப்போது வந்தேன், என்ன செய்தேன், அதனால் அவருக்கு என்ன ஆயிற்று என்று எல்லாவற்றையும் ஒன்று விடாமல், நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அழாமல் சொன்னாள். அவர் குனிந்து, ரொம்ப அக்கறையாகக் கேட்டார். முடிந்ததும் அவள் தலையில் கை வைத்து, "பரவால்லம்மா," என்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகத்தில் பளிச்சென்று ஒரு நம்பிக்கை வந்ததை நான் பார்த்தேன்.

"எந்த வீட்டுப் பொண்ணும்மா நீ?" என்றார் அவர்.

மருமகள் சமையலறை வாசலில் நின்றிருந்தார். "எனக்கும் அதத்தான் சொன்னாரு பாப்பா," என்றார். "தெனம் காலையில காபி குடுக்கும்போது மன்னிச்சுடுங்க மாமான்னு கேக்குறேன். தெனமும் பரவால்லம்மாங்கறாரு. எதுக்குன்னு ஒரு நாளாவது கேட்டா தேவல."